குதிரை இல்லாத ஜட்கா

கோரிப்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சித்திர வாத்தியாராக வைத்துக்கொண்டபோது நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கடைகளுக்கு போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போர்டு எழுதத்தான் போனேன். பள்ளிக்கூடத்தின் மேனேஜர் ஒரு ராவுத்தர். தோல் மண்டி வைத்திருந்தவர். ஏணிக்குக் கீழே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோணாம இழுக்கிறீகளே வாத்தியாரே, நம்ம பிள்ளைகளுக்கும் இதச் சொல்லிக் குடுங்களேன்" என்றார். நான் வாத்தியார் ஆனது அந்த ஒரு வார்த்தையில்தான். சித்திரத்துக்கு ஓர் ஆள் வேண்டுமென்று மேலிடத்திலிருந்து கேட்டிருந்தார்களாம். பரீட்சை எழுதி சர்ட்டிபிகேட் வாங்கியவன் எவனும் அந்தச் சம்பளத்துக்கு வருவதாக இல்லை.

ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "இன்ஸ்பெக்டர் வந்து பாத்து, சரின்னு எழுதினாத்தேன் உங்க வேலை நிலைக்கும். இல்லைன்னா நீங்க மறுபடியும் ஏணியில ஏற வேண்டியதுதேன்" என்றார். எனக்கு ஏணி என்றால் பயம். போர்டு எழுதிய காலமெல்லாம், நான் விழுவேனா, போர்டு விழுமா, விழுந்தால் யார் தலையில் விழும் என்றே யோசித்துக்கொண்டிருந்தவன் நான். தரையில் நின்றுகொண்டு செய்கிற இந்த வேலையை எப்படியாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

போகும்போது ஹெட்மாஸ்டர் இன்னொன்றும் சொன்னார். "உருவம் கிருவம் எதுவும் வேண்டாம்னு மேனேஜர் பிரியப்படுறாரு. பாத்து நடந்துக்கங்க."

பார்த்து நடந்துகொள்ளச் சொன்னால் நான் நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டேன். உருவம் என்றால் மனிதன் மட்டுமா, ஆடு மாடும் சேர்த்தியா என்று கேட்டிருக்கலாம். கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார்; அடுத்தபடியாக, எதுவரை படித்தீர் என்பார். அதனால் மூச்சு விடுகிற எதுவும் கிடையாது என்று நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன். மரம் மூச்சு விடுமா என்பதில் மட்டும் சந்தேகம் இருந்தது. மரமாக வேண்டாம், இலையைப் பறித்துத் தனியாகப் போட்டால் குற்றமில்லை என்று முடிவுக்கு வந்தேன்.

பள்ளிக்கூடம் என்பது நீளமான ஒரே அறை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை தடுப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஒன்றாம் வகுப்புக்குக் கோடு, இரண்டுக்கு வட்டம், மூன்றுக்கு இலை, நான்குக்குச் செம்பு, ஐந்துக்குச் செம்பும் அதன் நிழலும். படிப்படியான கல்வி என்று இதைத்தான் சொல்கிறார்கள் போலும். ஆனால் பிள்ளைகள் படியில் நிற்க மாட்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பொடியன் கோட்டைப் போட்டுவிட்டு, "பாம்பு சார்" என்பான். "பாம்பில்லை, கயிறு" என்று திருத்துவேன். வேதாந்திகள் ஆயுசு முழுக்க உட்கார்ந்து விளக்குகிற விஷயம். நான் தினமும் முதல் மணிக்குள் முடித்தாக வேண்டும். இரண்டாம் வகுப்பில் வட்டம் போடச் சொன்னால் அதற்குள் இரண்டு புள்ளி வைத்து, ஒரு வளைவும் வைத்துவிடுவார்கள். "ஆப்பம் சிரிக்குமா?" என்று அதட்டுவேன். "எங்க வீட்டு ஆப்பம் சிரிக்கும் சார்" என்று ஒரு பதில் வரும். ஐந்தாம் வகுப்புக்காரர்கள் பெரிய மனிதர்கள். "சார், அந்தச் செம்புக்கே நம்மளப் பாத்துப் பாத்துச் சலிச்சிருக்கும்" என்றான் ஒருவன்.

அந்த அறையில் இருந்த ஒரே உருவம் சக்கரவர்த்தியின் படம். மேற்குச் சுவரில் தாடியோடு தொங்கினார். அவர் அரசாங்கத்தைச் சேர்ந்தவர் என்பதால் மூச்சு விடுகிறவர்கள் கணக்கில் அவரை நான் சேர்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கணக்கு, வாசகம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்தவர், மேசைமேல் நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்த செம்பை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார். ஒன்றைப் பார்த்து அப்படியே போடுவதெல்லாம் பழைய முறையாம். குழந்தையின் மனத்தில் இருப்பது வெளியே வரவேண்டுமாம். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "இன்னைக்குக் காலையில பள்ளிக்கூடம் வர்ற வழியில என்னென்ன பாத்தீங்களோ, அதப் போடுங்க, பாக்கலாம்" என்றார்.

கோரிப்பாளையத்து முக்கில் காலைவேளையில் மூச்சு விடாதது எது இருக்கிறது? ஜட்கா, மாட்டு வண்டி, கசாப்புக் கடைக்குப் போகிற ஆடு, தர்காவுக்கு வருகிற ஜனம். அறை முழுக்க ஒருமுறை என்னைப் பார்த்தது. என் முகத்தில் என்ன இருந்ததோ, பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு போட ஆரம்பித்தார்கள். மேனேஜரும் ஹெட்மாஸ்டரும் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றார்கள். நான் ஏணியை நினைத்துக்கொண்டு நின்றேன்.

முதலில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் சிலேட்டை இன்ஸ்பெக்டர் எடுத்தார். நல்ல ஜட்கா. சக்கரம், படி, உள்ளே விரித்த வைக்கோல் எல்லாம் இருந்தது. கடிவாளம் முன்பக்கமாக நீண்டு, அந்தரத்தில் விறைப்பாக நின்றது.

"குதிரை எங்கம்மா?"

"தண்ணி குடிக்கப் போயிருக்கு சார்."

"குதிரை இல்லாம வண்டி எப்படி நிக்குது?"

"இந்தா, இப்ப வந்துரும் சார்" என்றாள், சவாரிக்காரருக்குச் சமாதானம் சொல்கிற வண்டிக்காரன் மாதிரி.

அடுத்த சிலேட்டில் நுகத்தடி மட்டும் ஆகாயத்தில் மிதந்தது. மாடு லாடம் அடிக்கப் போயிருந்தது. அதற்கடுத்ததில் ஒரு முளைக்குச்சி, கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு வெறும் வளையம், பக்கத்தில் பாதி கடித்த தழை. ஐந்தாம் வகுப்பில் ஒருவன் மேலே ஒரு தலைப்பாகையும் கீழே ஒரு ஜோடி செருப்பும் போட்டிருந்தான். நடுவில் ஒன்றுமில்லை.

"இந்த ஆளு எங்கப்பா?"

"வெயில் சார். தலப்பாக்குள்ள போயிட்டாரு."

ஒன்றாம் வகுப்பில் ஒரு கோடு. "இது என்ன?" என்று கேட்டதும், "கயிறு சார்" என்று அந்தப் பொடியன் என்னைப் பார்த்தபடியே ஒப்பித்தான். உடனே பக்கத்துப் பிள்ளையின் காதில், "பாம்புதேன்" என்றான்.

பின்னால் மேனேஜர் ஜட்கா சிலேட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதென்னங்க, நம்ம ஊரு ஜட்கா குதிரை இருந்தாலே நகராது. இதுல குதிரையவே காணோம்?" என்றார் ஹெட்மாஸ்டரிடம்.

"உருவம் வேண்டாம்னு நீங்கதானே..." என்று ஹெட்மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"நான் எப்பச் சொன்னேன்? நோன்பு நேரத்துல இந்த மேக்குச் சுவத்தப் பாத்துத் தொழுவோம், இதுல படம் மாட்டாதீகன்னு சொன்னேன். அம்புட்டுத்தேன்."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மேற்குச் சுவரைப் பார்த்தேன். மாட்ட வேண்டாம் என்ற சுவரில் சக்கரவர்த்தி தொங்கிக்கொண்டிருந்தார். போடக் கூடாதென்று மேனேஜர் சொல்லாத குதிரை ஊரெல்லாம் இல்லாமல் போயிருந்தது.

இதொன்றும் இன்ஸ்பெக்டர் காதில் விழவில்லை. அவர் என் தோளில் கை வைத்தார். "பாக்கிறவன் மனசுல குதிரைய ஓட விட்டுட்டீங்களே. இந்த முறைய எங்க படிச்சீங்க?" என்றார்.

நான் இத்தனை மாதமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். "இங்கதேன் சார்" என்றேன். பொய்யில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். சர்ட்டிபிகேட் கேட்க மறந்துவிட்டார். இந்த வாத்தியாரை நிரந்தரம் செய்யலாம், இவருடைய முறையை மற்றப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் வந்து பார்க்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மேனேஜர், "சரி, நாளையிலேருந்து குதிரையப் போட்டுருங்க" என்றார்.

ஹெட்மாஸ்டர் பதறிவிட்டார். "குதிரையப் போட்டா, அடுத்த தடவை வந்து முறை எங்கன்னு கேப்பாரே! வாத்தியார் வேலையில்ல போயிரும்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். மேனேஜர் வைக்காத சட்டம் அன்றைக்குத்தான் நிஜமாகவே சட்டமானது.

கொஞ்ச நாளில் வாத்தியார்கள் வர ஆரம்பித்தார்கள். ஒத்தக்கடையிலிருந்து வந்தார்கள், பேரையூர்ப் பக்கத்திலிருந்துகூட வந்தார்கள். எல்லாரும் டிரெயினிங் முடித்தவர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாடில்லாத வண்டி போடப் பழகினார்கள். அவர்களில் வயதான ஒருவருக்குக் கை தவறிவிட்டது. நுகத்தடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு வால் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பொடியன் அதைப் பார்த்தான். "எங்க சார் வேலை போயிரும்" என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, விரலை நாக்கில் தொட்டு, வாலை அழித்துவிட்டான்.