ஊசியக்கா தேடிய நல்ல ரத்தம்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் குத்தினால் வலிக்காது. பேச்சுக் கொடுத்தே ஆளை மயக்கிவிடுவாள். பீடி சிகரெட் தொடாதவர்களுக்கும் நுரையீரல் கெட்டுப்போகிறதே, அதற்கு எந்தப் பரம்பரைக் கோளாறு காரணம் என்று அங்கே தேடிக்கொண்டிருந்தார்கள். இருமி இருமி வருகிறவர்களிடம் ரத்தம் எடுப்பது அவள் வேலை.

"பயப்படாதீங்க. அம்மா வழி, அப்பா வழி, ரெண்டுலயும் கோளாறு வந்து சேர்ந்தாத்தான் ஆபத்து. அதெல்லாம் எங்கேயோ ஒருத்தருக்கு" என்பாள்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். அதற்குத்தான் நாயாய் அலைய வேண்டியிருந்தது. நன்றாக இருக்கிறவன் எவன் ஊசிக்குக் கை நீட்டுவான்? கடைசியில் ஒரே ஒரு ஆள் குறைந்தபோது, கல்லூரிக்குப் போகும் தன் மகளையே பிடித்து உட்கார வைத்தாள்.

"மூச்சு வாங்குமா?" என்று கேள்வித்தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"மாடிப்படி ஏறினா வாங்குதேம்மா. எத்தனை தடவ சொல்றேன்?"

"அது நோயில்லடி, சோம்பேறித்தனம். நாள் பூரா போனைக் கட்டிக்கிட்டு அழுதா வேற என்ன ஆகும்?" என்றவள், 'இல்லை' என்பதில் தானே குறி போட்டாள். மகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே கையை நீட்டினாள். குழாயில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான்.

சில வாரம் கழித்து டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஊசியக்கா, அடிச்சது யோகம்! நோயில்லாதவங்க ரத்தத்துல ஒண்ணுல, அம்மா வழி, அப்பா வழி ரெண்டுலயும் கோளாறு இருக்கு! இத்தனை வருஷமா இதைத்தானே தேடினோம்!"

எண்ணைச் சொன்னார். கடைசி எண். மகளின் குழாயில் அவளே எழுதியது. பாவி மகள் படித்துப் படித்துச் சொன்னாளே, காதில் வாங்கினேனா?

"இதுக்கு வைத்தியம் இருக்கா சார்?"

"போன நுரையீரல் போனதுதான். புகை, தூசி படாம நாளைக் கடத்தலாம். அதை விடுங்க. அந்த ஆளோட அப்பா அம்மா ரத்தமும் வேணும். எப்பாடுபட்டாவது தேடிக் கூட்டிட்டு வாங்க."

ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ரப்பர் பட்டையை எடுத்துத் தன் கையில் இறுக்கிக் கட்டினாள்.

"அம்மா வந்துட்டேன் சார்" என்றாள். "அப்பாகிட்ட இன்னும் சொல்லல."