கட்டம் போட்ட பல்

2007 வாக்கில், சுரங்க ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பக்கத்தில் புவனகிரிக்காரர் ஒருவர் வெல்டிங் செய்தார். ஒல்லியான ஆள்; இடது புருவம் பாதி கருகியிருக்கும். நிலக்கரி வெட்டும் இயந்திரத்தின் பற்கள் சீக்கிரம் தேயாதபடி அவற்றின்மேல் கடின உலோகம் பூசுவது எங்கள் வேலை. பூசி முடித்த பல்லை அவர் கட்டைவிரலால் வருடிப் பார்ப்பார்.

சிதம்பரத்தில் டிப்ளமா படித்த நான் பூசிய பல் மொட்டையாகத் திரும்பி வரும்போது, அவருடையது இன்னும் வெட்டிக்கொண்டிருக்கும். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவர் பூசிய பல்லைத் திருப்பிப் பார்த்தேன். முழுக்கப் பூசாமல், குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்துக் கட்டம் கட்டமாக வெற்றிடம் விட்டிருந்தார். பாதி வேலையை ஏய்க்கிறார், அகப்பட்டார் என்று சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்தேன்.

சூப்பர்வைசர் என்னை வைத்துக்கொண்டே அவரைக் கேட்டார்.

“அந்தக் கட்டத்துல மண்ணு போயி அடைச்சிக்கும் சார். அப்பறம் மண்ண மண்ணுதான் தேய்க்கும். பல்லு ஏன் தேயப்போவுது?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “என்னயே கேட்டிருக்கலாமே மச்சான், சொல்லிக் குடுத்திருப்பனே.”

அன்று மாலையே சொல்லியும் கொடுத்தார்.

இன்று கட்டம் போடுவதில் கெட்டிக்காரன் என்று என்னைத்தான் சொல்கிறார்கள். அது என் யோசனை என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் கேட்டால் அவரும் ஆமாம் என்பார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.