ஓராள் வீடு

இன்று காலை ஏழு ஐம்பதுக்கு அலுவலகக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, என் கணினித் திரைக்கு அடியில் கிடந்த மர அடிக்கோல். எங்கள் டீம் லீடர் என்னிடம் விட்டுப்போனது. ஹார்பர் ரோட்டில், உப்பு லாரி போனால் ஜன்னல் அதிரும் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நாங்கள் அமெரிக்க ஊர்களைப் பற்றி எழுதுகிறோம். மக்கள்தொகை, வயது, வருமானம், தொழில் என்று பட்டியல் அங்கிருந்து வரும். அதை இரண்டு பக்கக் குறிப்பாக்கி அனுப்ப வேண்டும். பத்திரிகையில் பிழை திருத்தியவன் என்பதால் சரிபார்க்கும் வேலை எனக்கு. பெரிய நகரங்கள் எங்களுக்கு வருவதில்லை. நடுத்தர ஊர்கள்தான், எங்கள் தூத்துக்குடி மாதிரி.

டீம் லீடர் புன்னைக்காயல் பெண்மணி. வரி தவறாமலிருக்க அடிக்கோலைத் திரையில் அழுத்தி வாசிப்பார். திரை கீறிவிடும் என்று கேலி செய்தால், "கீறுனா ஒரு கோடுதான். வரி தப்புனா ஊரே மாறிப்போவும்" என்பார். ஒரே ஒரு வரியைத்தான் அவரால் நம்ப முடியவில்லை: ஓராள் வீடுகள், அதாவது ஒருவர் மட்டும் தனியாக வசிக்கும் வீடுகளின் எண்ணிக்கை. எந்த ஊரை எடுத்தாலும் அந்த எண் அவருக்குப் பிழையாகவே பட்டது. கணவர் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போகும் நாட்களில் அவர் வீட்டில் தனியாகப் படுத்ததே இல்லை. நாத்தனாரோ பக்கத்து வீட்டுக்காரியோ பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆகவே மூன்று ஊர்களுக்கு, இந்த எண்ணைச் சரிபார்க்கவும் என்று அமெரிக்காவுக்கே எழுதினார். மூன்று முறையும் சரிதான் என்று பதில் வந்தது. மூன்றாவது பதிலில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது.

பிறகு, நர்ஸாக இருந்த அவர் மகளுக்கு அப்படியோர் ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கணவர் கடலில் இருந்தார். போகலாமா கூடாதா என்று இவர்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஊரின் பட்டியலை எடுத்து, அடிக்கோலை வைத்து வரி வரியாக இறங்கினார். பழைய ஆலைகள் மூடியபிறகு அங்கே ஆஸ்பத்திரிகள்தான் பெரிய தொழில். வாடகை பரவாயில்லை. ஒவ்வொரு வரியும் போகலாம் என்றே சொன்னது. அடிக்கோல் மட்டும் ஓராள் வீடுகளில் போய் நின்றது.

"இதுல எம் மவளையும் சேத்து எண்ணிருவானுவளா, அண்ணாச்சி?"

எண்ணுவார்கள் என்றேன். சனிக்கிழமை மகளிடம் போகச் சொன்னார். திங்கட்கிழமை தனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். மகள் போன மறு வருஷம், ஆறு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு அவரும் கிளம்பினார்.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. சென்ற வாரம் போனில் கூப்பிட்டார். எங்களுக்கு வரும் பட்டியல்களுக்காக அமெரிக்க அரசு வருஷந்தோறும் சில வீடுகளுக்கு அனுப்பும் படிவம் மகள் வீட்டுக்கும் வந்திருக்கிறது.

"எத்தனை பேருன்னு கேட்டிருக்கான். இவ ஒண்ணுன்னு எழுதப் போறா. ஏளா, ரெண்டு மாசத்துக்கு மேல தங்குனா சேக்கணும்னு போட்டிருக்குலா, வரி வரியா வாசின்னேன்."

இரண்டு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"மூணு தடவை சரி சரின்னானுவ. இப்பம் நானே திருத்தி அனுப்பிட்டேன்லா" என்று சிரித்தார்.

இன்று அந்த ஊரின் புதிய பட்டியல் வந்தது. அடிக்கோலை எடுத்து அந்த வரியின் கீழ் வைத்தேன். அம்மாவும் மகளும் அனுப்பிய படிவம் இதில் இல்லை. அடுத்த வருஷத்துப் பட்டியலில்தான் சேரும்.