நேர்கோடு மட்டும் வருகிறது

சமீபத்தில் ஒரு டாக்டர் என்னைப் படம் வரையச் சொன்னார்.

பெரிய படமெல்லாம் இல்லை. ஒரு வெள்ளைத் தாள், ஒரு பால்பாயின்ட் பேனா. நடுவில் புள்ளி வைத்து, அங்கிருந்து நத்தைக் கூடு மாதிரி சுற்றிச் சுற்றி வெளியே வர வேண்டும். அதற்குக் கீழே ஒரு நேர்கோடு. கையைத் தாளில் ஊன்றக் கூடாது. அவ்வளவுதான்.

பாதி ஆயுசைப் படம் வரைந்தே கழித்தவளுக்கு இது ஒரு வேலையா?

வரைந்தேன். நத்தைக் கூடு ரம்பத்தின் பல் மாதிரி வந்தது. நேர்கோடு... அதை விடுங்கள். டாக்டர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் தேதி போட்டார். ஃபைலில் வைத்தார். என் படத்தை இத்தனை கவனமாகப் பார்த்துப் பத்திரப்படுத்திய ரசிகர் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

"என்னம்மா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"படம் வரையிறாங்க சார்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும் — வாரம் ஒருமுறை இங்கே வந்து அரட்டை அடிப்பது போக, நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். காரைக்காலில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஆபீஸ். காகிதத்தையும் வர்ணத்தையும் விட்டு ரொம்ப நாளாகிறது. இப்போது கம்ப்யூட்டர், ஒரு டேப்லெட், அதற்கென்று ஒரு பேனா. காலையில் வீட்டுக்காரர் மின்துறை ஆபீஸுக்குக் கிளம்பியதும் மாடி ஏறினால், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்குவேன்.

போன வருஷம் சென்னையிலிருந்து பத்மா ஒரு கதை அனுப்பியிருந்தார். பத்மா என்பவர் நான் படம் போடும் பதிப்பகத்தின் எடிட்டர். கதை எங்கள் ஊர்க் கதை. மாங்கனித் திருவிழாக் கதை.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: அன்றைக்கு சாமி ஊர்வலம் வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்போம். கீழே தெரு கொள்ளாத கூட்டம் கையை நீட்டிக்கொண்டு நிற்கும். கதையில் மீனு என்று ஒரு சிறுமி. குள்ளம். ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தில் நசுங்கி, ஒரு பழம்கூடக் கிடைக்காமல் வீட்டுக்கு வருகிறவள். இந்த வருஷம் அவளுக்குக் கிடைக்கிறதா என்பதுதான் கதை.

படித்து முடிப்பதற்குள் மீனுவின் முகம் எனக்கு வந்துவிட்டது. முன்பல் ஒன்று விழுந்து, புதுசு பாதி முளைத்திருக்கிறது. ஒரு பக்க ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறது. அண்ணாந்து பார்ப்பதில் வாய் தானாகத் திறந்திருக்கிறது. இது என் புத்தகம் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. வேறு எந்தப் புத்தகத்துக்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

முதலில் தெரு. பழைய மாடி வீடுகள், மரச்சட்டம் அடுக்கிய ஜன்னல்கள், இரும்புக் கம்பி போட்ட பால்கனிகள். முதல் பால்கனியின் கைப்பிடியைப் போட்டேன். கோடு சிலிர்த்துக்கொண்டு வந்தது. அழிக்க ஒரு தட்டு. அன்டூ. மறுபடி போட்டேன். மறுபடி சிலிர்ப்பு. மறுபடி அன்டூ.

டேப்லெட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். பேனா முனையை மாற்றினேன். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்... என் கையைத் தவிர.

கண்டுபிடித்தது வீட்டுக்காரர்தான். அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, "டம்ளர் ஏன் ஆடுது?" என்றார். நான் பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது. கையை மடியில் வைத்தேன். நின்றுவிட்டது. டம்ளரை எடுத்தேன். ஆடியது.

சும்மா இருந்தால் நடுக்கம் இல்லை. ஏதாவது செய்யப் போனால்தான் நடுக்கம். இதைவிட ஒரு கெட்ட ஏற்பாட்டை யாராவது யோசித்திருக்க முடியுமா?

அந்தச் சமயத்தில் ஹமீதா வந்தாள். ஹமீதா என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் கடை வைத்திருக்கிறாள். நான் கோடு போடுவதையும் அழிப்பதையும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காரணம் கேட்கவில்லை. கண்ணால் பார்த்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

"கையால இழுக்காதடி. ஒரு புள்ளி வை. ஷிஃப்ட் கீயை அழுத்திக்க. அந்தக் கடைசியில ஒரு புள்ளி வை," என்றாள்.

வைத்தேன். இரண்டு புள்ளிக்கும் நடுவில் கோடு ஓடிப்போய் நின்றது. நூல் பிடித்த மாதிரி.

இது எனக்குத் தெரியாத வித்தை இல்லை. படம் வரையும் எல்லா சாஃப்ட்வேரிலும் கிட்டத்தட்ட இப்படித்தான். எனக்குத் தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான். ஷிஃப்ட்டை விடாமல், புள்ளி புள்ளியாகத் தட்டிக்கொண்டே போனால் கோட்டின் முனையிலிருந்து அடுத்த கோடு. அழுத்தியபடி இழுத்தால் அச்சு அசலாகக் கிடைக்கோடு, இல்லாவிட்டால் செங்குத்துக் கோடு. தெரு தூரத்தில் போய்க் குறுகி மறையும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து ரூலரை ஆன் செய்துவிட்டால், கை எப்படி ஆடினாலும் கோடு அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் போகும். நடுக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அந்த வாரம் நான் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கைப்பிடி, கம்பி, கதவு, நிலை, படிக்கட்டு, மின்கம்பம், தெருக்கோடிச் சுவர்... தட், தட், தட். சாதாரணமாக ஒரு தெருவுக்கு நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஊரையே கட்டி முடித்துவிட்டேன். பத்மாவுக்கு அனுப்பினேன். இந்த வேகத்தில் போனால் சீக்கிரமே முடித்துவிடலாம் என்று குஷியாகப் பதில் வந்தது.

அப்புறம் தெருவில் ஆட்களை இறக்க வேண்டியிருந்தது.

மீனுவிலிருந்து ஆரம்பித்தேன். கன்னம். நெற்றியிலிருந்து இறங்கி, லேசாக உப்பி, தாடையில் வந்து சேரும் ஒரு கோடு. ஒரு மூச்சில் போடுகிற கோடு. அது வரவில்லை.

சின்ன வயசிலிருந்து நம்மிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்? நேராக நில், நேராகப் போ, நேராகப் பேசு. நேர்மை என்ற சொல்லுக்குள்ளேயே நேர் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் ஒரு முகத்தில் எங்கேயாவது நேர்கோடு இருக்கிறதா, தேடிப் பாருங்கள். உங்கள் குழந்தையின் முகத்தில்? உங்கள் அம்மாவின் முகத்தில்? பழுத்த மாம்பழத்தில்கூடக் கிடையாது.

நடுக்கத்தைச் சமாளிக்க ஸ்டெபிலைசர் என்று ஒன்று இருக்கிறது. பேனா போன பாதையைக் கணக்குப் போட்டு, மேடுபள்ளத்தை நிரவிக் கொடுக்கும். அதைக் கூட்டினேன். கோடு கொஞ்சம் பின்தங்கி, சாவகாசமாக, வழவழவென்று வந்தது. ஒரு சிறுமியும் வந்தாள். பிஸ்கட் பாக்கெட்டில் சிரிப்பாளே, அவள். பல் விழுந்த இடத்தைக்கூட சாஃப்ட்வேர் அழகாகச் சரிசெய்து வைத்திருந்தது.

ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, நடுங்கும் கோட்டிலேயே முழுத் திருவிழாவையும் வரைந்து பார்த்தேன். இதுவே ஒரு ஸ்டைலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நப்பாசை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கூட்டம் மொத்தமும் எதையோ கண்டு பயந்துபோய் நிற்கிற மாதிரி இருந்தது. மேலேயிருந்து விழுவது மாம்பழம் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். படத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்து நெடுங்காடு கிராமத்துக்காரர், வாய்க்காலில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது தவிர வேறு கவலை இல்லாமல் வளர்ந்த மனிதர். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அழுத்தாமல், விடாமல்.

"இப்ப போடு," என்றார்.

போட்டேன். என் கை போன பக்கமெல்லாம் அவர் கையும் கூடவே வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனுவின் கன்னத்தில் ஆரம்பித்து தாடை வரைக்கும் வந்தோம். அது என் கோடும் இல்லை, அவர் கோடும் இல்லை.

"வருதா?" என்று கேட்டார்.

"வருது," என்றேன்.

அவர் கீழே இறங்கிப் போன பிறகு அன்டூவை அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்று கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகுதான் புதுச்சேரிக்குப் போய் அந்த நத்தைக் கூட்டை வரைந்தது. டாக்டர் நல்ல மாதிரி. பொய் சொல்லவில்லை. இது உயிருக்கு ஆபத்தான வியாதி இல்லை, நிறையப் பேருக்கு வருவதுதான், மாத்திரையால் நடுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். முழுசாகப் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மெதுவாகக் கூடவும் செய்யலாம் என்றார்.

"உயிருக்கு ஒண்ணும் ஆகாதும்மா. தைரியமா இருங்க."

"கைக்கு, சார்?" என்றேன்.

மாத்திரைச் சீட்டை எழுதி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில், எங்கள் எல்லைக் கிராமமான பூவத்தைத் தாண்டி ஊருக்குள் நுழையும்போது, "விடு, பாத்துக்கலாம்," என்றார். எதைப் பார்த்துக்கொள்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மாத்திரை சாப்பிட்டேன். தூக்கம் வந்தது. கோடு வரவில்லை.

பத்மாவிடம் நானே போன் செய்து சொன்னேன். புத்தகம் திருவிழாவுக்கு முன்னால் அச்சாக வேண்டும். இன்னும் எத்தனை நாள் மறைப்பது? அவர், கட்டடங்கள் எல்லாம் அருமையாக வந்திருக்கின்றன, அவை அப்படியே இருக்கட்டும், ஆட்களை மட்டும் வேறொருவரை வைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். அட்டையில் இரண்டு பேர் பெயரும் வருமாம். அவர் குரலில் அவ்வளவு கூச்சம். அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று நான்தான் முந்திக்கொண்டு சரி என்றேன்.

நிவேதா என்று ஒரு பெண். கோயம்புத்தூர்ப் பக்கம். ரொம்ப நல்ல ஓவியர், அதில் சந்தேகமே இல்லை. வேலையை ஆரம்பிக்கும் முன்னால் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், மீனு உங்க மனசுல எப்படி இருந்தா? சொல்றீங்களா?"

சொன்னேன். பாதி முளைத்த பல்லைச் சொன்னேன். ரிப்பனைச் சொன்னேன். அண்ணாந்து பார்க்கும்போது வாய் திறந்திருப்பதைச் சொன்னேன். அவர் அக்கறையாகக் குறித்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் எனக்கு ஒன்று உறைத்தது. நான் சொன்னது அத்தனையும் சரி. அதில் மீனு இல்லை. அவள் சொல்லில் இருக்கிறவள் இல்லை, கையில் இருந்தவள்.

பக்கங்கள் வந்தன. போன வாரம் மெயிலில் பார்த்தேன். என் பால்கனிகளில் ஆட்கள் நின்று பழம் இறைக்கிறார்கள். என் தெருவில் கூட்டம் நெரிகிறது. என் சுவரோரம் ஒரு சிறுமி அண்ணாந்து நிற்கிறாள். பாதிப் பல். அவிழ்ந்த ரிப்பன். நல்ல குழந்தை. யார் பார்த்தாலும் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு அவளைத் தெரியவில்லை.

ஹமீதா வந்து பார்த்தாள். எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு மீனுவிடம் வந்து நின்றாள். அழகாயிருக்கு என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொல்லவில்லை. "இன்னைக்கு என்ன சமைச்சே?" என்று கேட்டுவிட்டு எனக்கு முன்னால் கீழே இறங்கிப் போனாள். அதற்காக அவளுக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

நம்பிக்கையாக நாலு வார்த்தை சொல்லி முடிக்க வேண்டும் என்பது இந்த மாதிரிப் பக்கங்களின் வழக்கம். இந்த வாரம் என்னிடம் இல்லை. இருந்தால் உங்களுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுக்கப் போகிறேன்?

செய்தி ஒன்றுதான் இருக்கிறது. பத்மா எனக்கு அடுத்த வேலை கொடுத்திருக்கிறார். எங்கள் பகுதியின் பழைய வீடுகளைப் பற்றி ஒரு புத்தகம். வீடுகள் மட்டும். ஜன்னல், கதவு, மாடி, தெரு. ஒரு பக்கத்தில்கூட ஆள் நடமாட்டம் கிடையாது. எனக்காகவே தேடிப் பிடித்த புத்தகம் என்று தெரியாத அளவுக்கு நான் குழந்தை இல்லை.

ஒத்துக்கொண்டேன்.

வேலை ரொம்ப வேகமாகப் போகிறது.