அம்மாவை அளந்த மத்தியானம்

நான் விளையாடுகிற கிளப்பில் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பார்கள். அதில் என் பெயர் இருக்கும், பக்கத்தில் கோல்கீப்பர் என்று இருக்கும், அதற்கும் பக்கத்தில் என் உயரம். முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் உயரத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசுகிற வழக்கமே கிடையாது. அதைப் போய் அச்சில் ஏற்றி, வாசலில் நின்றுகொண்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறார்களே என்று நினைத்தேன்.

வழக்கம் இல்லாமல் போனதற்குக் காரணம் அம்மா. அம்மா அப்பாவைவிட நாலு விரற்கடை உயரம். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இது யாருக்கும் தெரியவில்லை. குனிந்தபடி காபி கொடுத்து, குனிந்தபடியே போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். கல்யாணத்தன்று இரண்டு பேரும் மணவறையைச் சுற்றி வந்தபோதுதான் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்திருக்கிறது. அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் அப்பாவின் அக்கா, என் அத்தை. அன்றைக்குப் போன மானம் அத்தைக்குத் திரும்பி வரவே இல்லை. கல்யாணப் போட்டோவில் அம்மா நாற்காலியில் இருப்பாள், அப்பா பின்னால் நிற்பார். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் போட்டோவிலும் அப்படித்தான். தெருவில் நடக்கும்போது அம்மா தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, கழுத்தைத் தாழ்த்திக்கொள்வாள். அப்போது இரண்டு பேரும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கிச் சேர்த்தது. பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், என் அம்மா கொஞ்சம் வளைந்திருப்பாள் என்பதுதான். ஒவ்வொரு அம்மாவுக்கும் ஒரு வடிவம், எங்கள் அம்மாவுக்கு இது என்று இருந்துவிட்டேன்.

நாங்கள் இருந்தது நாரணாபுரத்தில். அப்பா சிவகாசியில், பட்டாசுப் பெட்டிக்கு அட்டை வெட்டுகிற அச்சகத்தில் கட்டிங் மிஷினில் இருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பி.டி. சார் எங்களுக்குக் கால்பந்து பழக்கினார். ஓடத் தெரிந்தவர்கள் எல்லாம் ஓடுகிற இடங்களைப் பிடித்துக்கொண்டதால் எனக்குக் கோல் வாய்த்தது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. முக்கால்வாசி நேரம் சும்மா நிற்கலாம், நிற்கும்போது மேலே பார்க்கலாம். எங்கள் ஊர் வானத்தில் பார்ப்பதற்கு எப்போதும் ஏதாவது இருக்கும். ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் புது அயிட்டத்துக்குச் சேம்பிள் விட்டுப் பார்ப்பார்கள். திருவிழாவும் இருக்காது, கல்யாணமும் இருக்காது, வெறும் செவ்வாய்க்கிழமையாக இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு புள்ளி மேலே ஏறி, ஒரு நொடி தயங்கி, பச்சையாக விரியும். விரிந்தது மெல்ல மெல்ல இறங்கி, பாதி வழியில் காணாமல் போகும். மற்ற பிள்ளைகள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு, அடுத்தது எங்கே தயங்கும், எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் பந்து என்னைத் தாண்டிப் போய்விடும்.

"ஏ புள்ள, வானத்துல என்ன இருக்கு? பந்து இங்கன கெடக்கு" என்று பி.டி. சார் கத்துவார்.

விருதுநகரில் நடந்த ஒரு போட்டியில் நான் நாலு கோல் விட்டேன். தோற்று, அழுது, ஆளுக்கொரு வாழைப்பழம் வாங்கித் தின்றுகொண்டிருந்தபோது, விளையாட்டுச் சட்டை போட்ட ஒரு மேடம் வந்து என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு அகாடமியிலிருந்து வந்திருந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்களை எடுத்து, அங்கேயே தங்கவைத்து, படிக்கவைத்து, ஆறு வருடம் பழக்குவார்களாம். தேறினால் அவர்களுடைய பெரிய அணியில் சம்பளத்துக்கு விளையாடலாமாம். நாலு கோல் விட்டவள் பெயரை எதற்கு எழுதுகிறார் என்று எங்கள் அணியே என்னை முறைத்தது.

அடுத்த வாரம் பி.டி. சார் வீட்டுக்கே வந்து விளக்கினார். உயரமாக வருகிற பந்து எங்கே விழும் என்று அது கிளம்பும்போதே எனக்குத் தெரிந்துவிடுகிறதாம், ஓடிப் போய்ச் சரியான இடத்தில் நிற்கிறேனாம், ஆனால் கை எட்டவில்லையாம். அதுதான் சிக்கல். வகுப்பில் உயர வரிசையில் நான் முன்னாலிருந்து இரண்டாவது.

"இப்ப எப்பிடிப் பிடிக்கிறான்னு அவுக பாக்கல. அதச் சொல்லிக்குடுத்துக்கிடலாம்கிறாக. பதினெட்டு வயசுல எம்புட்டு வளந்துருப்பான்னுதான் பாக்கிறாக. அத யாரும் சொல்லிக்குடுக்க முடியாதுல்ல? அதான், தாய் தகப்பன் ரெண்டு பேரையும் அளக்கணும்னு ஞாயித்துக்கெழம வர்றாக."

கோல்கீப்பருக்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மதுரையில் இன்னொரு பெண்ணையும் பார்த்து வைத்திருந்தார்கள். அவள் இப்போதே நெடுநெடுவென்று இருந்தாளாம். அப்பா கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையல்கட்டில் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அந்த ஒரு வாரம் எனக்கு முழுக்கக் கனவாகவே போயிற்று. வேப்பங்கிளையைப் பிடித்து நூறு எண்ணும் வரை தொங்கினேன். தூங்கினால், காலும் கையும் நீண்டுகொண்டே போய் கட்டிலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஆனைக்குட்டம் அணைவரை போவது மாதிரி வரும். எழுந்து பார்த்தால் பாவாடை அதே இடத்தில்தான் இருக்கும். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது. அதற்கு முன்பு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

வீட்டுக்கு ஆள் வந்து பெண்ணைப் பார்க்கிறார்கள் என்றால் அத்தைக்கு அதற்கு ஒரே ஒரு முறைதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து கேசரி கிண்டினாள், பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவினாள், எனக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்துவிட்டாள். "வந்தவுகளுக்கு முன்னாடி பல்லக் காட்டாத" என்று சொல்லி வைத்தாள். அப்பா அவருக்குத் தெரிந்த முறையில் தயாரானார். அச்சகத்திலிருந்து கழிவு அட்டை கொண்டுவந்து, சுவரோரம் தான் நிற்கப்போகிற இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கீழே பெரியது, அதன்மேல் கொஞ்சம் சின்னது என்று, விளிம்பே காலில் தட்டாதபடி வெட்டியிருந்தார். அதன்மேல் கோரைப்பாயை விரித்து, ஏறி நின்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்பா ஒரு நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அவர் எனக்காகத் திருட்டு வேலை செய்கிறார் என்பதில் எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

மூன்று மணி வெயிலில் பி.டி. சாரும் மேடமும் வந்தார்கள். "வாங்க, வாங்க, சாப்பிட்டீகளா?" என்று அத்தைதான் வரவேற்றாள். மேடம் பையிலிருந்து டேப்பையும் பென்சிலையும் ஒரு மரச் சட்டத்தையும் எடுத்தார். அப்பா முந்திக்கொண்டு பாய்மேல் போய் நின்றார். மேடம் சிரித்துக்கொண்டே, கொஞ்சம் இறங்கிக்கொள்ளச் சொன்னார். பாயைச் சுருட்டினார். அட்டைகளை அலுங்காமல் எடுத்துச் சுவரில் சாத்தினார்.

"போற வீட்டுல எல்லாம் பாய் விரிச்சுத்தான் வச்சிருக்காங்க" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். அப்பா வெறுந்தரையில் நின்றார். தலைக்கு மேல் சட்டத்தை வைத்து மேடம் சுவரில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு ரொம்பக் கீழே இருந்தது.

அடுத்து அம்மா. அவள் வழக்கம்போல வளைந்தபடி வந்து சுவரில் சாய்ந்தாள். நிமிர்ந்து நிற்கச் சொன்னார் மேடம். அம்மா தரையைப் பார்த்தாள். சமையல்கட்டு வாசலிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

"அவளுக்கு முதுகு வலி. நிமுர முடியாது. இருக்கிற மாதிரியே அளந்துக்கிடுங்க."

"முதுகு வலியாம்மா?" என்று மேடம் கேட்டார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மேடம் இரண்டாவது கோட்டைப் போட்டார். அது அப்பாவின் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. பி.டி. சார் கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் படிக்கத் தெரிந்தது. மதுரைப் பெண்ணுக்குத்தான் இடம் என்று புரிந்துவிட்டது.

"அம்மா, கொஞ்சம் எக்கி நில்லும்மா" என்றேன். அளக்க வந்தவருக்கு முன்னாலேயே, சத்தமாக, அழுதுகொண்டே சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் இருந்த இரண்டு கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு ஞாபகம். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய், முக்குத் திரும்பி, சத்தம் தேய்ந்துபோகிற வரை பார்த்தார்.

"நிமுந்து நில்லு" என்றார்.

"ஏலே!" என்றாள் அத்தை.

"அளக்கட்டும்க்கா."

மேடம் அம்மாவின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அம்மா எழுந்தாள். நின்றுகொண்டிருந்தவள் எப்படி எழ முடியும் என்று கேட்காதீர்கள், எழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இடுப்பு நிமிர்ந்தது, தோள் விரிந்தது, கடைசியாகக் கழுத்து மேலே வந்தது. ஆணியில் தொங்கிய காலண்டரின் அடி விளிம்பில் அவள் தலை இடித்தது. எனக்குத் தெரியாத ஒரு நீளமான பொம்பளை எங்கள் வீட்டுச் சுவரோரம் நின்றாள். வெயில் ஜன்னல் வழியாக அவள்மேல் விழுந்து, அறையில் பறந்த தூசியெல்லாம் பொடிப்பொடியாக மின்னியது. இவ்வளவு அழகான ஒருத்தி இத்தனை நாள் எங்கே இருந்தாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேடத்துக்குக் கை எட்டவில்லை, ஒரு ஸ்டூல் கேட்டார். அப்பாதான் போய் எடுத்துவந்து போட்டார். அந்த ஸ்டூலுக்காகவே என் அப்பாவை எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிடிக்கும்.

சின்ன வயதிலேயே இந்த உயரமா என்று மேடம் கேட்டார். அம்மா வாய் திறந்தாள்.

"இல்லைங்க. இவள மாதிரிதான் குட்டையாக் கெடந்தேன். பத்தாவது படிக்கையில ஒரே வருசம்தான். மூணு தடவ பாவாட எறக்கம் பத்தாமப் போச்சு. ராத்திரியில காலெலும்பு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். எங்க வீட்ல பயந்து போனாக."

சொல்லும்போது சிரித்தாள். மேடமும் சிரித்துக்கொண்டு நோட்டில் ஏதோ கணக்குப் போட்டார், போட்டதை இன்னொரு தடவை சரிபார்த்தார், என்னைக் கூப்பிட்டுக் கையை விரிக்கச் சொல்லி அதையும் அளந்தார். "ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது அனுப்பிடுங்க" என்றார். பி.டி. சார் மூன்று பஜ்ஜியை அடுத்தடுத்துச் சாப்பிட்டார். அத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனாள்.

எல்லோரும் போன பிறகு அப்பா டீக்கடைப் பக்கம் நடந்தார். அம்மா மட்டும் அதே இடத்தில் நிமிர்ந்தபடி நின்றுகொண்டிருந்தாள். கையை உச்சந்தலையில் வைத்து, அப்படியே திருப்பிச் சுவரில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நான் ஓடிப் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "வலி போயிருச்சாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். "போயிருச்சு" என்றாள்.

கோயம்புத்தூர் மேடம் கையை வைத்தார், அம்மாவின் முதுகு வலி பறந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு மூன்று பேர் தங்கள் முழங்காலுக்கும் அவரைப் பார்க்க முடியுமா என்று விசாரித்தார்கள். மறுநாள், ஹாஸ்டலுக்கு வாளியும் பெட்டியும் வாங்க மூன்று பேரும் சிவகாசிக்குக் கிளம்பினோம். வீட்டு வாசற்படி வரை நிமிர்ந்து வந்த அம்மா, தெருவில் இறங்கியதும் தோளைக் குறுக்கிக்கொண்டு அப்பாவோடு நடந்தாள். பாவம், வலி திரும்ப வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அகாடமியில் அடிபட்டால் தடவிக்கொள்ள ஆளுக்கொரு தைலப் புட்டி கொடுப்பார்கள். விழுந்து விழுந்து இடுப்பும் முழங்கையும் கன்றிப்போய், புரண்டு படுக்க முடியாத நாட்கள் இருந்தன. நான் என் புட்டியைத் திறக்கவே இல்லை. முதல் லீவுக்கு வந்ததும் அதை அம்மா கையில் கொடுத்து, திரும்பி உட்காரச் சொன்னேன். அம்மா திரும்பி உட்கார்ந்தாள். தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். யோசித்துவிட்டு ஒரு இடத்தைச் சொன்னாள். அங்கே நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டேன்.