என் கிட்னியும் அவருடைய பூஞ்சணமும்

என் கணவர் கெலிஓயாவில் சரக்கு வியாபாரி. கராம்பு, மிளகு, சாதிக்காய். யார் சாக்கு கொண்டுவந்தாலும் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூக்கோடு வைத்து நெஞ்சு நிறைய இழுப்பார். "மேல ஈக்கிறது காட்டுறதுக்கு வெச்சது. அடியில ஈக்கிறதுதான் சரக்கு" என்பார். பூஞ்சணம் பிடித்த சாதிக்காய் அந்த ஒரே இழுப்பில் அகப்பட்டுவிடும்.

அவருடைய கிட்னி இரண்டும் பழுதானபோது என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். தியாகம் என்று ஊரார் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. வேறென்ன, பார்த்துக்கொண்டா இருப்பது? புதுக் கிட்னியை அந்நியன் என்று உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் காவலைத் தணிக்கும் குளிசைகளைக் கொடுத்தார்கள். தூசிப் பக்கமும் பூஞ்சணப் பக்கமும் போகவேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள்.

கொஞ்சம் தேறியதும் கடைக்குப் போய்விட்டார். வீதியெல்லாம் முகக்கவசம் ஒழுங்காக இருந்தது. சாக்கின் வாயைத் திறந்ததும் அதை நாடிக்கு இறக்கிவிட்டு, வழமைபோல இழுத்திருக்கிறார். ஏசினேன். "மூக்க மூடிட்டு எப்பிடி சரக்கு வாங்குற?" என்று என்னிடமே கேட்டார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா சொன்னதல்ல.

பிறகு காய்ச்சல், இருமல், இருமலில் ரத்தம். கண்டியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் பூஞ்சணம் வளர்கிறது என்றார் யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா. "அந்த சைத்தான எனக்குக் காட்டுங்க" என்று நின்றேன். என் பிடிவாதம் தாங்காமல் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போய் நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். நீளத் தண்டுகளில் வெங்காயப் பூப்போல உருண்டை உருண்டையாக, நீலச் சாயத்தில், அவ்வளவு அழகு. ஏச வந்த நான் இன்னொரு தரம் குனிந்து பார்த்தேன்.

"இது காத்தில எங்கயும் இருக்கு. இப்பவும் நீங்களும் நானும் இழுத்துக்கொண்டுதான் நிக்கிறம். எங்கட உடம்பு எங்களுக்குச் சொல்லாமலே அதை அழிச்சுப்போடும்" என்றார்.

சுப்ஹானல்லாஹ். நான் சமைத்து, சண்டை பிடித்து, தூங்கிய நாளெல்லாம் எனக்குள் யாரோ விழித்திருந்து காவல் காத்திருக்கிறார்கள். ஒரு நாளாவது எனக்குத் தெரிந்ததா?

டொக்டர் அம்மா குரலைத் தாழ்த்தினார். "பூஞ்சணத்துக்கு மருந்து ஏத்துறம். அது மட்டும் காணாது. காவலைத் தணிக்கிற குளிசையையும் குறைக்க வேணும். குறைச்சால் உடம்பு உங்கட கிட்னியையும் தாக்கலாம்."

"கிட்னி போனா போகட்டும். ஆளத் தாங்க" என்றேன். வாய் அப்படிச் சொல்லிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் விலாவிலுள்ள தழும்பில் கை வைத்தபடி, பக்கத்தில் இருந்தவர் பார்க்க அழுதேன்.

காய்ச்சல் மெல்ல விட்டது. நுரையீரல் படத்தில் கறை சுருங்கியது. ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் டொக்டர் அம்மா கட்டிலடிக்கே வந்தார். "பூஞ்சணம் அடங்கிட்டுது. கிட்னிக்கு ஒண்டும் நடக்கேல்ல. எல்லாருக்கும் இப்பிடி அமையாது, அம்மா."

நான் கட்டிலில் கிடந்த என் கணவரைப் பார்த்தேன். கல்யாணமான நாள் தொட்டு நான் சொன்ன ஒன்றையும் ஏற்றுக்கொள்ளாத மனிதர். காவல் திரும்பிய அவருடைய உடம்பு மூலை முடுக்கெல்லாம் தேடி, பூஞ்சணத்தைக் கொன்று, என்னை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.