முப்பது எண்ணும் வரை

நாற்பத்தாறு வயது ஆளை அவன் இவன் என்கிறேனே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவன்மேல் எனக்குப் பாசமும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்துவிட்டால் வாயில் மரியாதை எங்கே வருகிறது? இப்போது பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறான். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் டிப்போவில் யாராவது ஓய்வு பெற்று, மாலை போட்டு, நாலு வார்த்தை பேசி, எல்லோரும் கைதட்டுகிற நேரம் வந்தால் இவன் மட்டும் இரண்டு கையையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பான். திமிர் பிடித்தவன் என்று அங்கே பேச்சு. திமிரும் இல்லை, ஒன்றும் இல்லை. நடந்தது வேறு.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவன் மின்சாரக் கார் ஷோரூமில் இருந்தான். அங்கே அவனுக்குப் பெயர் முப்பது. மேனேஜரிலிருந்து தரை துடைக்கிற அம்மா வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வண்டி வாங்குகிறவர் கைக்குப் போவதற்கு முன்னால் கடைசியாக அதைத் தொடுகிற ஆள் அவன்தான். பாலிஷ் போட்டு, கண்ணாடி துடைத்து, பின்கதவில் கம்பெனியின் வெள்ளி நிறச் சின்னத்தை ஒட்டுவான். தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பினால் வருகிற வழியில் கீறல் விழுகிறது என்று அதைத் தனிப் பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். இவன் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு டாக்டரம்மாவின் புது வண்டியிலிருந்து சின்னம் கழன்று நடுரோட்டில் விழுந்தது. அந்த அம்மா வந்து போட்ட சத்தத்தில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை.

ஒட்டுகிற டேப் பிடிக்க வேண்டுமென்றால் அரை நிமிஷம் விடாமல் அழுத்த வேண்டும். தனி ஆளாக அழுத்தினால் விரல் ஓய்ந்து போகிறது. அதனால் இவன் ஒரு வழி கண்டுபிடித்தான். வண்டி வாங்க வந்த குடும்பத்தையே கூப்பிட்டான்.

"வாங்க, எல்லாரும் ஒரு கை வைங்க. முப்பது எண்ணுற வரைக்கும் எடுக்கக் கூடாது. எடுத்தா வண்டி கோவிச்சுக்கும்."

சும்மா சொல்லக் கூடாது, ஜனங்களுக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. புருஷன் கைமேல் பெண்டாட்டி கை, அதன்மேல் பிள்ளைகள் கை, எல்லாவற்றுக்கும் அடியில் இவனுடைய கட்டைவிரல். முப்பது வரை கூட்டமாக எண்ணி, சிரித்து, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். சண்டை போட்டுக்கொண்டே வந்த ஜோடிகள்கூட இருபது தாண்டும்போது சமாதானமாகிவிடும் என்று அவன் பெருமையடித்துக்கொள்வான். வாசலில் கம்பெனி முதலாளியின் ஆளுயரப் படம் மாட்டியிருந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை, உலகத்தையே சுத்தம் செய்யப் பிறந்தவர் என்று எல்லோரும் நம்பினார்கள். இவனும்தான் நம்பினான். தினமும் காலையில் வண்டிக்கு முன்னால் அந்தப் படத்தைத்தான் துடைப்பான்.

அவனுக்கு இருந்த சொந்தம் ஒரே ஒரு அக்கா. ஆறு வயது மூத்தவள். வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடக்கிறவர்களுக்குப் புண் கட்டி, ஊசி போட்டு, உடம்பு துடைத்துவிடுகிற நர்ஸ். அவள் கல்யாணம் செய்துகொண்டவர் கடல் தாண்டி வந்தவர். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலை. இருபது வருஷமாக நம் பேச்சைப் பேசியும் கோபம் வந்தாலும் கணக்குப் போட்டாலும் மட்டும் அவருக்குத் தன் பாஷைதான் வரும். மாமா என்றால் இவனுக்கு உயிர்.

அக்காவுக்கும் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்தே ஒரு கள்ளத்தனம் உண்டு. பள்ளிக்கூட விழாவில் யாராவது பெரிய மனிதர் வந்து மணிக்கணக்கில் அறுப்பார். எல்லோரும் தட்டியே ஆக வேண்டும். அக்காதான் சொல்லிக்கொடுத்தாள்: "கை படக் கூடாதுடா. ஒரு விரக்கடை இருக்கும்போதே நிறுத்திடணும். பட்டுச்சுன்னா நிஜமாவே அவருக்குத் தட்டினதா ஆயிடும்." காத்துத் தட்டு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வளர்ந்த பிறகும் கல்யாண வீட்டில், கூட்டத்தில், பிடிக்காதவர் பேசி முடித்தால் போதும், இரண்டு பேரும் எட்டி ஒருத்தர் கையை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

அக்கா வேலைக்குப் பஸ்ஸில் அலைவதைப் பார்க்கச் சகிக்காமல், இவன்தான் நச்சரித்து அந்தக் காரை வாங்க வைத்தான். வண்டி எடுக்கிற அன்றைக்கு மாமா கை வைத்து, தன் பாஷையில் முப்பது வரை உரக்க எண்ணினார். ஷோரூமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அங்கேதான் இவன் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தான். மற்ற வண்டிகளுக்குப் போடுகிற டேப்பைப் போடவில்லை. முன்கண்ணாடி ஒட்டுகிற பசை இருக்கிறதே, அதைத் தடவியிருந்தான். அக்கா வண்டியாயிற்றே, ஆயுசுக்கும் விழக் கூடாது என்று நினைத்தான். அட மடையா!

அப்புறம்தான் அந்தப் பேச்சு வந்தது. தேர்தல் நேரம். முதலாளி ஒரு கட்சி மேடையில் ஏறிப் பேசப் போகிறார் என்று மேனேஜர் எல்லோரையும் டிவி முன்னால் வரிசையாக நிறுத்தினார்.

"பேசி முடிச்சதும் எல்லாரும் தட்டுங்க. வீடியோ எடுத்து மேலிடத்துக்கு அனுப்பணும். முகத்துல கொஞ்சம் சந்தோஷம் இருக்கட்டும்!"

முதலாளி சிரித்துக்கொண்டே பேசினார். நாடு என்பது ஒரு வண்டி என்றார். வெளியிலிருந்து வந்தவர்கள் அதில் ஏறிய வேண்டாத சுமை என்றார். இறக்கிவிட்டால்தான் வண்டி தூரம் போகும், நான் இறக்கிக் காட்டுகிறேன் என்றார். கை வைத்து எண்ணிய மாமாவின் முகம் இவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதே நேரத்தில் மேனேஜரின் செல்போனும் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பக்கத்திலிருந்தவர்கள் தட்டினார்கள். இவனும் தட்டினான். ஒரு பத்துத் தட்டு இருக்கும். காத்துத் தட்டு இல்லை. உள்ளங்கை பட்டு, பளார் பளார் என்று சத்தம் வந்தது. மூன்றாவது தட்டிலேயே அவன் காதில் அது விழுந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. எனக்கு அவன்மேல் இருக்கிற கோபம் இந்த மிச்ச ஏழு தட்டுக்குத்தான்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அன்றிலிருந்து அக்கா போன் செய்யவில்லை. இவன் செய்தாலும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் அவனை விடவில்லை. கடை ஷட்டர் இறங்கினால் தட். ஈரத்துணியை உதறினால் தட். யாரோ கார்க் கதவைச் சாத்தினால் திடுக்கிட்டுத் தன் கையைக் குனிந்து பார்ப்பான். பேசும்போது கைகள் ஒன்றையொன்று நெருங்கினால் பயந்து பிரித்துக்கொள்வான்.

ஷோரூமும் படுத்துவிட்டது. ஒரே மாதத்தில் வாசலுக்கு வந்து போகிற கூட்டம் நின்று, விற்கிற பையன்கள் ஈ ஓட்டினார்கள். தெருவில் நிறுத்திய வண்டிகளில் சாவியால் கோடு இழுத்தார்கள். ஒரு வண்டிமேல் கறுப்புப் பெயிண்டைக் கொட்டியிருந்தார்கள். சிக்னலில் நின்றால் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, காது கூசத் திட்டிவிட்டுப் போனார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் ஓடிய மாதிரியேதான் ஓடியது. ஆனாலும் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு வண்டி தெரியவில்லை, அந்த ஆள்தான் தெரிந்தார். 'வண்டி என்னுது, அந்த வாய் என்னுது இல்லை' என்று ஒருத்தர் பின்னால் எழுதி ஒட்டிக்கொண்டு திரிந்தார்.

பழைய குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முப்பது எண்ணி ஒட்டியவர்களேதான்.

"கொஞ்சம் எடுத்துக் குடுத்துடுங்க. பிள்ளைங்களை ஸ்கூல்ல விடவே சங்கடமா இருக்கு" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள்.

சூட்டுக்காற்று காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தால் சின்னம் கையோடு வந்துவிடும். ஆனால் அதன் அடையாளம் போகாது. சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் மங்கியிருக்கும், சின்னத்துக்கு அடியில் இருந்தது மட்டும் புதுசாகவே இருக்கும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும், சாய்ந்த வெயிலில் அதே உருவம் அப்படியே தெரியும். பட்டறையில் அதற்குப் பேய் என்று பெயர். "எம்ப்ளம் போயிடுச்சு, பேய் போகல" என்பார்கள். ஒரு நாளைக்கு ஆறு வண்டி, ஏழு வண்டி. வீட்டுக்கு வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தாலும் அவனுக்கு அந்த உருவம் தெரிந்தது. வாசலில் இருந்த முதலாளி படத்தை மேனேஜரே இறக்கி, ஸ்டோர் ரூமில் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒரு நாள் காலையில் மாமா அந்தக் காரை எடுத்துக்கொண்டு வந்தார். தனியாக வந்தார்.

"எடுத்துடு மச்சான். உங்க அக்காவுக்கு அஞ்சு வீட்டுல கதவு திறக்க மாட்டேங்கறாங்க. ஒரு பெரியவர் எங்க ஊர்க்காரர், இந்த வண்டியைப் பார்த்ததும் அழுதுட்டாராம்."

"அக்கா வரலையா மாமா?"

"வேலை" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

இவன் சூடு காட்டினான். நரம்பை விட்டான். நரம்பு அறுந்தது. இன்னொன்றை விட்டான், அதுவும் அறுந்தது. அவன் போட்ட பசையல்லவா, அசைந்து கொடுக்குமா? வேர்த்து விறுவிறுத்து, கடைசியில் உளியை எடுத்து நெம்பினான். படார் என்று பெயிண்டோடு பிய்த்துக்கொண்டு வந்தது. பேய்கூட இல்லை, அதைவிட மோசம். வெறும் தகட்டில், கையால் தடவினால் தட்டுப்படுகிற மாதிரி, சின்னத்தின் உருவம் பள்ளமாக விழுந்திருந்தது. இவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, புதுக் கதவே போட்டுத் தர்றேன் மாமா. ஒரு வாரம் குடுங்க."

மாமா ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அவ அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தா தெரியுமா? சத்தத்தை வெச்சா யார் தட்டறதுன்னு தெரியல. அதனால உன் கையை மட்டும் பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்க்கிறா. படம் கலங்கலா இருக்கு. பட்டுச்சா படலையான்னு அவளுக்குத் தெரியல. எனக்கு அது என்னன்னே புரியல மச்சான். கேட்டா சொல்லவும் மாட்டேங்கறா."

இவனுக்குப் புரிந்தது.

மறுநாள் மதியம் அக்காவே வந்தாள். அந்தப் பள்ளம் விழுந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஷோரூமில் வேறு வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. நர்ஸ் உடுப்பு இல்லாமல், வீட்டுச் சேலையில் இருந்தாள். இளைத்திருந்தாள். என்னடா எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கை பட்டுச்சாடா?"

படவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? படம் கலங்கல். சாட்சி கிடையாது. அக்காவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நிற்கிறாள். சொன்னால் இந்த நிமிஷமே தோளில் ஒரு அடி போட்டு, கழுதை என்று திட்டிச் சிரித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு, மாமாவோடு கேரம் எல்லாம் பழையபடி வந்துவிடும். இவன் வாயைத் திறந்தான். காதில் தட் தட் என்று அந்தப் பத்தும் வரிசையாக விழுந்தன.

"பட்டுச்சுக்கா."

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. எனக்கே கேட்டுச்சு. பயந்துட்டேன்க்கா."

அவள் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். நோயாளியின் கையைப் பார்ப்பாளே, அப்படி. பதினோரு வருஷம் அழுத்தி அழுத்தித் தட்டையாகிப்போன கட்டைவிரலை ஒரு தடவை தடவினாள். பிறகு கையை விட்டாள்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்டா" என்றாள். குரல் உடைந்து போயிற்று. "நம்பணும்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன்."

"கதவு மாத்தித் தர்றேன்க்கா" என்று மட்டும் சொன்னான்.

"வேண்டாம். இருக்கட்டும்."

கார் சத்தமில்லாமல் கிளம்பியது. அந்த வண்டியின் பெருமையே சத்தம் வராததுதானே. பின்கதவில் அந்த உருவம் வெயிலில் பளபளத்துக்கொண்டே போனது. திரும்பிப் பார்ப்பாள், முனையிலாவது பிரேக்கை மிதிப்பாள் என்று இவன் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். பத்து, பதினைந்து, இருபது. முனை திரும்பி வண்டி மறைந்த பிறகும் நிறுத்தாமல் முப்பது வரை எண்ணினான்.